மேஃபெயர் தையற்காரன் தவமலருக்கு அளவெடுத்த கதை

லண்டனில் பணக்காரர் உடுப்புத் தைக்கிற மேஃபெயரில் ஒரு தையற்காரன் தவமலரின் தோளையும் இடுப்பையும் அளந்து, பால்வெள்ளைக் கம்பளியில் கோட்டும் பாவாடையுமாக ஒரு சூட் தைத்துக் கொடுத்தான். கிழவன், கண்ணாடி போட்டவன், ஊசியை வாயில் கவ்விக்கொண்டு பேசுகிறவன். 'உங்களுக்கு நல்ல தோள், மேடம்' என்று கூடச் சொன்னானாம். அவள் குடியிருக்கிற இல்ஃபோர்டில் பாதிப் பேருக்கு அவனைப் பற்றித் தெரியும். அப்படி ஒருவன் உலகத்தில் இல்லை என்பது தவமலருக்கு மட்டும்தான் தெரியும்.

தவமலர் இதற்கு முன் முழுப் பொய் சொன்ன ஆள் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். தொண்ணூறுகளில் லண்டனுக்கு வந்த புதிதில் லிவர்பூல் ஸ்ட்ரீட் பக்கம் விடியற்காலையில் ஒரு வங்கிக்குப் போய்த் தரை கூட்டினாள். கேட்டவர்களுக்கு 'பாங்கில வேலை' என்றாள். அதில் என்ன பொய்? இப்போது பார்க்கிங் என்கிற ஊரில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறைக்கு மேற்பார்வை. 'எடுகேசன் பக்கம் இருக்கிறன்' என்பாள். அதிலும் பொய்யில்லை. உண்மையை எடுத்து, ஓரத்தை வெட்டி, மடித்துத் தைத்து, உடுத்தக்கூடிய அளவுக்குக் கொண்டுவருவாள். அவ்வளவுதான்.

விழாக்களுக்கு ஒரே சாறியை இரண்டாம் தரம் கட்டமாட்டாள். கட்டினால் யாரும் கண்டுபிடிக்காதபடி பிளவுஸை மாற்றுவாள், தலைப்பை மாற்றிப் போடுவாள். கணவன் பாலேந்திரா இதையெல்லாம் கண்டும் காணாமல் கிரிக்கெட் பார்ப்பார். மனுசனுக்கு அந்த வீட்டில் நிம்மதியாக இருக்க வேறு வழியும் கிடையாது.

மகன் யனுஷன் ஹாரியட் என்ற வெள்ளைக்காரப் பிள்ளையைக் கலியாணம் செய்யப்போகிறேன் என்று சொன்னபோது தவமலர் அழவில்லை. அழுவாள் என்று எதிர்பார்த்து வந்த சொந்தக்காரருக்குத்தான் ஏமாற்றம். அவள் உடனே உடுப்பைப் பற்றி யோசிக்கத் தொடங்கினாள். ஆவணியில் கோயிலில் தாலிகட்டு. அதற்குச் சாறி இந்தியாவிலிருந்து வரும், அது கவலையில்லை. அதற்கு முன், சித்திரையில் பதிவுக் கலியாணம். அன்றைக்கு ஹாரியட்டின் தாய் ஹிலரி வருவார், ஹிலரியின் ஆட்கள் வருவார்கள். சர்ரேயில் வீடு, நாய், தோட்டம். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் சாறியோடு நின்றால் 'எவ்வளவு நிறம், எவ்வளவு அழகு' என்று சொல்லிவிட்டு, சின்னப் பிள்ளையோடு கதைப்பதுபோல ஆறுதலாக, சத்தமாக ஆங்கிலம் பேசுவார்கள். அதைத் தவமலரால் தாங்க ஏலாது.

'அம்மா, சாறியே கட்டுங்கோ. தே வுட் லவ் இற்' என்றான் யனுஷன்.

'நீ உன்ர வேலையைப் பார்' என்றாள் தவமலர்.

மாசி மாதம் ஒரு நாள் மறில்போன் பக்கம் கண் வைத்தியரிடம் போய்விட்டு வரும்போது மழை பிடித்தது. ஒதுங்கியது ஒரு தர்மக் கடை வாசலில். நோயாளர் இல்லம் ஒன்றுக்காக, தானமாக வந்த பழைய சாமான்களை விற்கிற கடை. கண்ணாடிக்குள் அந்தச் சூட் நின்றது. நின்றது என்றுதான் சொல்லவேண்டும், தொங்கவில்லை. இடுப்பில் ஒடுங்கி, தோளில் நிமிர்ந்து, பொத்தான் துளையெல்லாம் கையால் தைத்து, உள்ளுக்குப் பட்டுத்துணி போட்டு. பட்டுத்துணியில் ஒரு மேஃபெயர் தையற்கடையின் பெயர். போட்டுப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்ததுபோல உடம்பில் உட்கார்ந்தது. ஒரு ஊசி போடத் தேவையில்லை.

கடையில் நின்ற கிழவர் சந்தோசப்பட்டார். 'இது ஐம்பதுகளில் தைத்தது. வைத்திருந்த அம்மா போன மாதம்தான் காலமானார். கண்ணுக்குள் வைத்துப் பார்த்திருக்கிறார், பாருங்கள், ஒரு ஓட்டை இல்லை' என்றார்.

காலமானார்!

தவமலரின் கை ஒருதரம் பின்வாங்கியது. நம்மவர்கள் செத்தவர் உடுப்பை வீட்டில் வைத்திருக்கவே யோசிப்பார்கள். நல்ல காரியத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு போனால் என்ன கதை வரும் என்று அவளுக்குத் தெரியும். யார் வாயிலிருந்து வரும் என்பதும் தெரியும். பாலேந்திராவின் தமக்கை கமலாம்பிகை, அதாவது தவமலரின் மச்சாள், இல்ஃபோர்டிலேயே இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். குடும்பத்தில் எந்தக் கலியாணம் முறிந்தாலும் காரணம் கண்டுபிடிப்பது அவர்தான். ஒன்றுவிட்ட தங்கச்சியின் மகள் விவாகரத்து எடுத்ததற்குக் காரணம் மாப்பிள்ளையின் குடி இல்லையாம். தாலி கட்டுகிற நேரம் பெண்ணின் சித்தி கறுப்புக் கரைச் சாறி கட்டியிருந்தாளாம். அந்தச் சித்தி இன்றைக்கும் ஒரு விழாவுக்கும் வருவதில்லை, பாவம்.

யனுஷனும் ஹாரியட்டும் நாளைக்கு ஒரு சின்னச் சண்டை பிடித்தாலும் போதும். 'தாய்க்காரி செத்தவளின்ர உடுப்போட போய் நிண்டவள்' என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். மகனின் வாழ்க்கையைக் கெடுத்தவள் என்ற பெயர். அதை வாங்கிக்கொண்டு எந்தத் தாய் தலை நிமிர்ந்து நடப்பாள்?

இவ்வளவும் யோசித்துவிட்டுத் தவமலர் காசைக் கொடுத்துச் சூட்டை வாங்கினாள். இல்ஃபோர்ட் வந்து இறங்கும்போது தையற்காரன் பிறந்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவள் பட்ட பாட்டைக் கேளுங்கள். பழைய கம்பளியைப் பராமரிப்பது கைக்குழந்தையைப் பார்ப்பதைவிடக் கஷ்டம். தண்ணீர் படக்கூடாது. கம்பி ஹாங்கரில் மாட்டினால் தோள் விழுந்துவிடும், பஞ்சு வைத்த அகலமான ஹாங்கர் வேண்டும். மடித்து வைத்தால் மடிப்பிலேயே நூல் அறுந்துவிடும். மென்மையான பிரஷால் மேலிருந்து கீழே மட்டும் தடவவேண்டும். சுருக்கம் விழுந்தால் இஸ்திரிப்பெட்டியை நேரே வைக்காமல் ஆவியில் காட்டவேண்டும். இதையெல்லாம் வீடியோவில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி சொல்லிக்கொடுத்தாள். கிழவி சொல்லுக்குத் தவமலர் கட்டுப்பட்டதுபோலப் பெற்ற தாய் சொல்லுக்குக் கூடக் கட்டுப்பட்டதில்லை. குளியலறையில் சுடுதண்ணியைத் திறந்துவிட்டு, ஆவிக்குள் சூட்டைத் தொங்கவிட்டு, வெளியே காவல் நிற்பாள். பாலேந்திரா அவசரத்துக்கு வந்து கதவைத் தட்டினால், 'கோட் நிக்குது, பொறுங்கோ!' என்பாள். மனுசன் பக்கத்து வீட்டு நண்பரிடம் போய்வருவார்.

எல்லாவற்றிலும் பெரிய எதிரி பூச்சி. கம்பளிக்குள் கண்ணுக்குத் தெரியாத முட்டை இருக்குமாம். பூச்சி உருண்டை போட்டால் நாற்றம் போகாது. காற்றுப் போகாத பைக்குள் கட்டி, இரண்டு கிழமை பிறீசருக்குள் வைத்தால் முட்டையெல்லாம் சாகும் என்றாள் வீடியோக் கிழவி. கராஜில் பெரிய பிறீசர் இருந்தது. தவமலர் ஆட்டிறைச்சியை ஒரு பக்கம் ஒதுக்கி, கணவாய் மீனை இன்னொரு பக்கம் ஒதுக்கி, நடுவில் சூட்டைப் படுக்க வைத்தாள்.

அந்தக் கிழமைதான் கமலாம்பிகை பதிவுக் கலியாணத்துச் சாப்பாட்டைப் பற்றிக் கதைக்க வந்தார். வந்தவர் சும்மா இருப்பாரா? 'கணவாய் கிடக்கெண்டு சொன்னனீ, நான் எடுத்துக்கொண்டு வாறன், நீ இரு' என்று கராஜுக்குப் போனார். தவமலர் வெங்காயத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். பிந்திவிட்டாள். மச்சாள் ஒரு கையில் கணவாயும் மறு கையில் சூட்டுமாக நின்றார்.

'என்ன பிள்ளை உது? தையற்காரன் தைச்சதெண்டியே, அதே? ஏன் மீனுக்குள்ள கிடக்கு?'

தவமலரின் வாய் தானாகத் திறந்தது. எங்கிருந்து வந்ததோ அந்த ஞானம்.

'மச்சாள், வுல் எண்டால் என்ன, செம்மறியின்ர மயிரெல்லோ. செம்மறி குளிருக்குள்ள வளந்த மிருகம். புதுசாத் தைச்ச உடன வெக்கைக்குள்ள வைச்சால் மயிர் கொட்டுமாம். முதல் கொஞ்ச நாள் குளிரில வைச்சுப் பழக்க வேணுமெண்டு தைச்சவன் சொன்னவன்.'

கமலாம்பிகை சூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தலையாட்டினார். 'அப்ப நல்ல சாமான்தான்' என்றார். தவமலருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் நிலைக்கவில்லை.

'புது உடுப்பு. நல்ல காரியத்துக்குப் போடுறது. மஞ்சள் வைச்சனியே?'

'இல்லை மச்சாள், பிறகு வைப்பம்.'

'பிறகென்ன பிறகு? உள்ள கொண்டு வா. சாமிக்கு முன்னால வைச்சுத் தாறன்.'

தவமலர் வாசலில் மலைத்துப்போய் நின்றாள். புதுத்துணி என்றால் கட்டுவதற்கு முன் ஓரத்தில் மஞ்சள் வைக்கவேண்டும். அது சாத்திரம், அதில் பேச்சுக்கு இடமில்லை. வேண்டாம் என்று சொன்னால், புதுசு இல்லையோ என்ற கேள்வி வரும். கேள்வி வந்தால் மேஃபெயர் கிழவன் செத்தான். சரி என்று சொன்னால், பால்வெள்ளைக் கம்பளியில் மஞ்சள். மஞ்சள் போகாது. தண்ணீர் போடவும் ஏலாது. எழுபது வருசம் ஒரு பொட்டு அழுக்குப் படாமல் காத்த அந்த வெள்ளைக்காரி எந்த உலகத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாளோ!

'உள்ப்பக்கம் வையுங்கோ மச்சாள், கீழ் விளிம்பில' என்றாள் கெஞ்சலாக.

'உள்ப்பக்கம் வைச்சால் ஆருக்குத் தெரியும்?' என்றார் கமலாம்பிகை. படிக்குக் கீழே இருந்த சாமி அலுமாரியைத் திறந்து, மஞ்சளைக் குழைத்து, விரலை நன்றாகத் தோய்த்து, கோட்டின் கழுத்துப் பட்டியில், எல்லாருக்கும் தெரிகிற இடத்தில், அழுத்தி ஒரு பொட்டு வைத்தார். கைதாராளமான மனுசி. மூன்று பேருக்குப் போதுமான மஞ்சள்.

மச்சாள் போனதும் தவமலர் நிலத்தில் உட்கார்ந்து அழுதாள். பிறகு வீடியோக் கிழவியிடம் போனாள். கிழவிக்கு மஞ்சளைப் பற்றி ஒன்றும் தெரியாது. கடைசியில் தன்னுடைய சமையலறை அறிவுதான் கைகொடுத்தது: வெயிலில் காயப்போட்டால் மஞ்சள் வெளிறும். நல்ல யோசனை. ஆனால் பங்குனி மாதத்து லண்டனில் வெயிலுக்கு எங்கே போவது? காலையில் முன் ஜன்னலில் கொஞ்சம் வெளிச்சம் விழும். அதற்குள் சூட்டை மாட்டுவாள். பத்து மணிக்கு அது படுக்கையறைக்கு நகரும். மத்தியானம் சமையலறை. வேலைக்குப் போகிற நாளில் பாலேந்திராவிடம் பொறுப்பு. ஓய்வுபெற்ற மனுசன், ஒரு கையில் ரிமோட்டும் மறு கையில் ஹாங்கருமாகச் சூரியனுக்குப் பின்னால் வீடு முழுக்க நடந்தார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டுக் கண்ட பலன் அவருக்குத் தெரியும். கலியாணத்துக்கு முதல் நாள் அந்த இடத்தில் லேசான ஒரு மங்கல்தான் இருந்தது. அதன் மேல் ஒரு முத்துப் புரோச்சைக் குத்தினாள்.

பதிவுக் கலியாணம் தெற்கு லண்டனில் ஒரு பழைய நகர மண்டபத்தில். தவமலர் படியேறி வந்தபோது கண்ணாடிக் கதவில் தன்னைப் பார்த்தாள். தோள் நிமிர்ந்து, இடுப்பு ஒடுங்கி, தலைமயிர் கொண்டையிட்டு. அம்மா தாயே, என்ன வடிவு! ஒரு குறை சொல்லமுடியாது. மகிழ்ச்சியில் அவளுக்குக் கண் கலங்கியது.

உள்ளே நின்ற ஒரு வெள்ளைக்காரர் நேரே அவளிடம் வந்தார். 'மன்னிக்கவேண்டும், கோட்டுகளை எங்கே வைப்பது?' என்று கேட்டுத் தன்னுடைய மழைக்கோட்டைக் கையில் கொடுத்தார். இன்னொரு அம்மா கழிவறை எங்கே என்று கேட்டார். ஹாரியட்டின் பெரியப்பா கைக்கடிகாரத்தைக் காட்டி, 'நீங்கள்தானே பதிவாளர்? எத்தனை மணிக்குத் தொடங்குகிறீர்கள்?' என்றார். போகட்டும், வெள்ளைக்காரருக்குத் தெரியாது. பாலேந்திராவின் நண்பர் றெஜினோல்ட், இருபது வருசம் பழகியவர், அவரும் ஒரு தரம் தவமலரைக் கடந்துபோய், திரும்பி வந்து, 'அட தங்கச்சி நீங்களே! நான் கவுன்சில் ஆளெண்டெல்லோ நினைச்சன்' என்று சிரித்தார். தவமலருக்கு அவரைக் கொல்லலாம்போல இருந்தது.

அப்போதுதான் ஹிலரி வந்தார். சாறி கட்டிக்கொண்டு.

கிளிப்பச்சைக் காஞ்சிபுரம், சிவப்புக் கரை. ஈஸ்ட்ஹாமில் வாங்கி, தானே வீடியோ பார்த்துக் கட்டியது. முன்மடிப்புக் கொய்யகம் எந்தப் பக்கம் மடிய வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கம் மடிந்திருந்தது. தலைப்பு முழங்காலில். கீழே தோட்டத்துக்குப் போடுகிற சப்பாத்து. மண்டபம் முழுக்க ஆஹா என்றது. தமிழர்கள் சூழ்ந்துகொண்டு படமெடுத்தார்கள். கமலாம்பிகை மச்சாளுக்கோ இருப்புக் கொள்ளவில்லை. 'வெரி பியூட்டிபுல்! லட்சுமி மாதிரி!' என்று ஹிலரியின் கன்னத்தைத் தடவினார். அவர் தவமலரைத் தொட்டு ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. மூன்று மாதப் பாடும் ஒரு பச்சைச் சாறிக்கு முன்னால் கால் தூசியாகப் போனது. எரிச்சலில் தவமலரின் காது சுட்டது. கையில் இன்னும் அந்த மனுசனின் மழைக்கோட்.

தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது ஹிலரி தன் கொய்யகத்தைத் தானே மிதித்தார். முழுவதும் அவிழ்ந்து காலடியில் விழுந்தது. தவமலர் மழைக்கோட்டைக் கதிரையில் எறிந்துவிட்டு, சம்பந்தி அம்மாவைக் கழிவறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். பின்னால் ஊசிகளோடு கமலாம்பிகை.

தவமலர் பால்வெள்ளைப் பாவாடையோடு ஈரத் தரையில் முழங்காலிட்டுக் கொய்யகம் எடுக்கத் தொடங்கினாள். வீடியோக் கிழவி கண்டால் மயங்கி விழுந்திருப்பாள். ஹிலரி அசையாமல் நின்று, குனிந்து அவளுடைய தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

'இது பழைய காலத்துத் தையல் இல்லையா?' என்றார் மெதுவாக. 'இந்த மாதிரிக் கையால் தைத்த பொத்தான் துளை இப்போது கிடையாது. இதை யாரோ நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். நீங்கள்தானா? எங்கே கண்டுபிடித்தீர்கள்?'

அன்றைக்குக் காலையிலிருந்து அந்தச் சூட்டைச் சூட்டாகப் பார்த்த முதல் ஆள். தவமலர் நிமிர்ந்தாள். கதவடியில் மச்சாள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். மேஃபெயர் கிழவன் நாக்கின் நுனியில் தயாராக நின்றான். ஒரு சொல் சொன்னால் போதும்.

தவமலருக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

'தர்மக் கடையில் வாங்கினேன்' என்றாள் ஆங்கிலத்தில். 'மறில்போனில். செத்துப்போன ஒரு அம்மாவுடையது.' பிறகு மச்சாளின் பக்கம் திரும்பினாள். 'ஓம் மச்சாள். செத்தவளின்ர உடுப்புத்தான். தையற்காரனும் இல்லை, ஒருத்தனும் இல்லை. ஆருக்குச் சொல்ல விருப்பமோ சொல்லுங்கோ.'

ஹிலரி கையைத் தட்டி, 'எவ்வளவு அருமை!' என்றார். அதை இருவரும் கேட்கவில்லை.

கமலாம்பிகை குனிந்து, கழிவறைக் கதவுகளின் கீழால் வேறு யாருடைய காலாவது தெரிகிறதா என்று பார்த்தார். பிறகு கிட்ட வந்து கேட்டார்.

'எவ்வளவு குடுத்தனீ?'

தவமலர் சொன்னாள்.

'ஐயோ விசரி!' மச்சாளுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. 'மறில்போனில ஆரும் வாங்குவினமே? உவங்கள் கொள்ளைக்காரர். நான் பார்க்கிங்கில எடுக்கிற தர்மக் கடையில எண்டால் பாதி விலைக்கு...'

சொல் பாதியில் நின்றது. யாரோ ஏமாந்துபோய்க் கூடக் காசு கொடுத்தார்கள் என்றால் கமலாம்பிகையால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. அந்த ஒரு பலவீனம் ஆளைக் கவிழ்த்துவிட்டது. முகத்தில் இரத்தம் இல்லை. கையிலிருந்த ஊசிகள் தரையில் சிந்தின.

'பிள்ளை,' என்றார். 'எங்கட இவருக்கும் தெரியாது. மருமகளுக்கும் தெரியாது. சொல்லிப்போடாதை.'

தவமலர் அவரைப் பார்த்தாள். இந்த வாய்க்குப் பயந்துதானா நான் இத்தனை நாளும் செத்துச் செத்துப் பிழைத்தேன் என்று முதலில் கோபம்தான் வந்தது. நல்ல கோபம். கதவைத் திறந்து மண்டபத்துக்கே கேட்கக் கத்தலாம். கறுப்புக் கரைச் சாறிக்காரச் சித்திக்கும் சேர்த்துக் கத்தலாம். ஆனால் அந்த முகம் அவளுக்குப் பழக்கமான முகமாக இருந்தது. மாசியிலிருந்து தினமும் தன்னுடைய கண்ணாடியில் பார்த்த முகம்.

'என்ன சொல்கிறார்?' என்று ஹிலரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். 'ஏதாவது பிரச்சினையா?'

தவமலர் கடைசி ஊசியைக் குத்திவிட்டு எழுந்தாள். பாவாடையில் முழங்கால் இரண்டும் ஈரம்.

'உங்கள் சாறி நல்ல வடிவென்று சொல்கிறார்' என்றாள்.

வெளியே யனுஷன் கூப்பிட்டான். கமலாம்பிகை மச்சாள் அவசரமாகப் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, தம்பியின் பெண்சாதி முன்னுக்குப் போகட்டுமென்று வாய் திறவாமல் நின்றார்.